அம்மாவும் ஹெனரத்கொட ரப்பர் மரங்களும்

கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு நாங்கள் குடிவந்து பதினொரு வருடமாகிறது. காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா என்று அம்மாவை எங்கே கூட்டிப்போனாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார், அரை மணி நேரத்தில் "போவமா புள்ள?" என்று கேட்பார். அதனால் ஆகஸ்ட் போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவுக்குப் போகலாம் என்றபோது அவர் பெரிதாக அசையவில்லை. "அங்க இருக்குறது ரப்பர் மரம்மா" என்றேன். அப்போதுதான் சேலையை எடுக்கப் போனார்.

அம்மா யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 22 வருடம் ரப்பர் பால் வெட்டியவர்.

மருதானையில் ரயில் ஏறினோம். ராகம தாண்டும் வரை நிற்கத்தான் இடம். கச்சான் விற்க வந்த பையன் கூட்டத்தில் எப்படித்தான் புகுந்து போகிறானோ! கம்பஹாவில் இறங்கினால் பூங்கா நடக்கிற தூரம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று த்ரீவீல் பிடித்தது என் தவறு. அவன் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் காசு கேட்டான். அம்மா சிங்களத்தில் இரண்டே வரி சொன்னார். கேட்டதில் பாதியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா 1876இல் தொடங்கப்பட்டது. பேராதனைப் பூங்காவைப் போல ஊரே வந்து படம் பிடிக்கிற இடமில்லை. புல்வெளி, பனை வகைகள், பெரிய நிழல் மரங்கள், பிள்ளைகளோடு வந்த சில குடும்பங்கள், அவ்வளவுதான். ஆனால் ஆசியாவில் ரப்பரின் கதை தொடங்கிய இடங்களில் இது முக்கியமானது.

ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது என்னவோ 2,700 சொச்சம்தான். அதில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து அதே வருடம் இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். பேராதனையைவிட வெப்பமும் ஈரமும் கூடிய தாழ்நிலம் வேண்டும் என்றுதான் கம்பஹாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கன்று வந்த சூட்டோடு யாரும் ரப்பருக்கு ஓடவில்லை. கோப்பி இலைநோயில் அழிந்துகொண்டிருந்தது, தோட்டத் துரைமார் தேயிலைக்குத் தாவினார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து மோட்டார் காருக்கு டயர் தேவைப்பட்ட பிறகுதான் ரப்பருக்கு மவுசு வந்தது. அப்புறம் பால் வெட்ட ஆள் வேண்டுமே. எங்கள் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நட்ட மரம் என்று சொல்லப்பட்டது 1988இல் சாய்ந்துவிட்டது. மற்ற மரங்களிடம் போனதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். கோயில் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஒரு மரத்தின் பட்டையில் முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"கத்தி கட்டையில பட்டிருக்கு. வெட்டத் தெரியாதவன் வெட்டுனது."

பிறகு ஆட்காட்டி விரலால் மரத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிகிற கோடு. பால் ஓடும் குழாய்கள் மரத்துக்குள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், இப்படி வெட்டினால்தான் அதிகமான குழாய் அறுபடும். அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது, கோணம் தெரியும். பட்டையைச் சீவல் போல மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்படும்.

"கட்டையில பட்டுச்சுன்னா அன்னைக்கு அரப்பேருதான்" என்றார். அரைநாள் சம்பளம் என்று அர்த்தம்.

விடியுமுன்னே ஏன் போவீர்கள் என்று கேட்டேன். வெயில் ஏறினால் மரம் பாலை இழுத்துக்கொள்ளும் என்றார். கிட்டத்தட்டச் சரிதான். இலை வழியாக நீர் ஆவியாகத் தொடங்கியதும் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் மந்தமாகிவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டிய பிறகு பெய்தால் பால் பிடிக்கிற சிரட்டை நிறையத் தண்ணீர். அந்த நாட்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மழை தூறியது. கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு கூரைக்குக் கீழே நின்றபடி தீர்ந்தது. மற்ற மரங்களையும் பூக்களையும் பார்த்தோமா என்றால், பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா இரண்டு தடவை ரப்பர் மரத்தடிக்கே திரும்பிப் போனார்.

திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தது. களனி தாண்டும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பளபளவென்று புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில் ஒரு ரப்பர் விதை.

"பூங்காவுல இருந்து எடுக்கக் கூடாதும்மா!"

"ஒன்னுதானே? அந்த வெள்ளக்காரன் எத்தன எடுத்தான்னு சொன்ன?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் குனிந்து விதையை ரயில் தரையில் பரபரவென்று தேய்த்தார். எதற்கு என்று புரிவதற்குள், சுடச்சுட அதை என் முழங்கையில் வைத்து அழுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.