அப்பாவின் காது மிஷின்

ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ இயர்பட்களைச் செவித்துணைக் கருவியாகவும் இயங்கச் செய்யும் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் அனுமதி அளித்தது என்று படித்தபோது, ஊரார் பார்ப்பார்களே என்று கூசித் தம் காது மிஷினைக் கடைசிவரை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்த என் தந்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முதுமையில் பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்குகின்றன. அதனால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் தேய்ந்து, குரல் கேட்டும் சொல் புரியாமல் போகிறது. ஐபோனிலேயே செவித்திறனைச் சோதித்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவு இருக்கிறதோ அதற்கேற்ப ஒலியைக் கூட்டித் தருகிறது இம்மென்பொருள். லேசானது முதல் மிதமானது வரையிலான இழப்புள்ள, 18 வயது நிறைந்தவர்களுக்கே இது பொருந்தும். மின்கலமும் நாள் முழுவதும் தாங்காது. எனினும், பேரன் பாட்டுக் கேட்க மாட்டும் அதே வெள்ளைக் கருவி என்றால் அப்பா மறுத்திருக்க மாட்டார்.