கிணற்று மேட்டுத் தோட்டம்

ஜூலை 19 (ஆடி 3)
மூன்று நாள் கடப்பாரை வேலைக்குப் பிறகு சீமைக்கருவேலத் தூர் இன்றுதான் பெயர்ந்தது. 2 சென்ட் தோட்டம் இனி 5 சென்ட். சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, கிணத்த எட்டிப் பாத்தியா?" என்றார். மேலூர்ப் பக்கம் ஒருபோக பூமி. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய் பெருகினால்தான் கிணறு நன்றாக ஊறும். அதற்காக ஆடிப்பட்டத்தை விட முடியுமா?

ஜூலை 20
ஆட்டுப் புழுக்கையைக் கொத்திவிட்டு வெண்டை, கொத்தவரை, அவரை ஊன்றினேன். கத்தரிக்குத் தனி நாற்றங்கால். கீரை விதையை மணலோடு கலந்து தூவி முடிப்பதற்குள் எறும்பு வரிசை கட்டிவிட்டது. எறும்புப் பொடி வாங்கக் கிளம்பினேன், அப்பத்தா விடவில்லை. பாத்தி ஓரத்தில் ஒரு கை நொய்யரிசி தூவினாள். எறும்பு நொய்யை இழுத்துக்கொண்டு போனது, கீரை தப்பியது.

ஜூலை 27
வெண்டை இரண்டிலை விட்டதும் மயில் வந்துவிட்டது. விடியும்போதே ஐந்து. ஒரு வரிசை முழுக்கக் காலி. விரட்டினால் பக்கத்து வயலுக்குப் போய்விட்டு அரை மணியில் திரும்புகின்றன. சுற்றிலும் பழைய சேலை கட்டினேன். அம்மாவின் நல்ல சேலை ஒன்றும் அதில் சேர்ந்துவிட்டது. அது தனிக் கதை.

ஆகஸ்ட் 3
ஆடிப் பதினெட்டு. மோட்டார் 20 நிமிடத்தில் காற்று இழுத்தது. பழைய 2 சென்டுக்கு அதுவே தாராளம். இப்போது பாதித் தோட்டம் நனையவில்லை. வைக்கோல் மூடாக்குப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15
கீரை பிடுங்கினோம். 26 நாள். சித்தி வீட்டுக்கும் இரண்டு கட்டு.

ஆகஸ்ட் 24
கத்தரி நாற்று 60 தேறியது. தண்ணீரோ 20-க்குத்தான் காணும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியில் இன்னும் பத்து வைத்தேன், மீதி சித்திக்கு. புது இடத்தில் பாதியை அப்பத்தா கேட்டு வாங்கித் தட்டைப்பயறு விசிறினாள். "இது மானத்தப் பாத்து வளந்துரும்." முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ கேட்டியாக்கும்?"

செப்டம்பர் 5
முதல் வெண்டைக்காய், எண்ணி 7. குழம்புக்குப் பத்தாது, பச்சையாகவே தின்றுவிட்டோம். அவரை பந்தலேறிவிட்டது, பூவைக் காணோம். பனி விழணுமாம். காலையில் எழுந்ததும் கிணற்றைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறேன். நேற்றைவிட ஒரு படி கூடுதலாகத் தெரிகிறது.