சனீஸ்வரன் காக்கும் கடல்

தேவிபட்டினத்துக்கு யாரும் சும்மா வருவதில்லை. ஏழரைச் சனி, பிதுர் கடன், தள்ளிப்போகும் கல்யாணம் என்று வருகிற ஒவ்வொருவர் மடியிலும் ஏதோ ஒரு கனம் இருக்கும். நாங்கள் கொண்டுபோனது என்னுடைய ஏழரைச் சனியை. எனக்கு அதில் இல்லாத கவலையெல்லாம் அத்தைக்கு இருந்தது. ராமநாதபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வெயில் ஏறுமுன் கடற்கரைக்கு வந்துவிட்டோம்.

கடலுக்குள் ஒன்பது கற்கள். மேலே விமானமோ கூரையோ கிடையாது. சேது கட்டத் தொடங்கும் முன் ராமபிரான் தம் கையால் நிறுவிய நவக்கிரகங்கள் இவை என்பது தல புராணம். வழிபாட்டுக்கு அலை இடைஞ்சல் செய்யாதபடி கடலை அடக்கித் தந்த பெருமாளுக்கு, கடலடைத்த பெருமாள் என்ற பெயரில் கரையிலேயே கோயில் இருக்கிறது. பாக் நீரிணையின் இந்தப் பக்கம் அலை என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதால் அந்தப் புராணத்தை நம்புவதும் எளிது. நீர் ஏறும்போது சில கற்கள் தலை மட்டும் காட்டும்; வற்றும்போது உடம்பு தெரியும். கடலை அப்படி ஏற்றி இறக்குகிறவர்கள் சந்திரனும் சூரியனும். ஒன்பது பேரில் இரண்டு பேர் மற்ற எல்லோருக்கும் சேர்த்துத் தினமும் அபிஷேகம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கல் யார் என்று குருக்கள் காட்டினால்தான் தெரியும். நவதானியத்தைத் தூவி, இடுப்பளவு உப்புநீரில் வலம் வந்தோம். சனீஸ்வரன் முன்னால் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். நானும் கைகூப்பினேன். ஆனால் என் மனதில் வந்தது என்செலடஸ்.

சனிக்கோளைச் சுற்றும் நிலவுகளில் ஒன்று அது. குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். சென்னையில் இருந்து ராமநாதபுரம் வருகிற தூரத்தை விடக் குறைவு. மேலெல்லாம் பனிக்கட்டி. 1997இல் கிளம்பி 2004இல் சனியை அடைந்த காசினி விண்கலம், அடுத்த ஆண்டே அதன் தென்துருவத்தில் இருந்து நீர் பீறிட்டு வெளியே தெறிப்பதைக் கண்டது. பனி ஓட்டுக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. தேவிபட்டினத்துக் கடலைப் போலவே உப்புக் கடல். தெறித்த துகள்களில் கரிமச் சேர்மங்கள் இருந்தன. உயிருக்கு இன்றியமையாத பாஸ்பரஸும் இருப்பதாக 2023இல் அறிவித்தார்கள். உயிர் அகப்பட்டதாக இதுவரை யாரும் சொல்லவில்லை. என்றாலும், பூமிக்கு வெளியே உயிரைத் தேடுகிறவர்கள் முதலில் கைகாட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

சூரிய வெளிச்சம் எட்டாத அந்தக் கடல் உறையாமல் இருப்பதற்குக் காரணம் சனிதான். என்செலடஸின் சுற்றுப்பாதை சற்றே நீள்வட்டம் என்பதால் சனியின் ஈர்ப்பு ஒருநேரம் கூடுதலாகவும் ஒருநேரம் குறைவாகவும் பிடிக்கிறது. அந்த இழுப்பில் உள்ளே சூடு பிறக்கிறது. எந்தக் கிரகத்தின் பார்வை படக்கூடாது என்று நாம் எள்விளக்கு ஏற்றுகிறோமோ, அதன் பிடியில்தான் ஒரு கடல் முழுவதும் உறையாமல் கிடக்கிறது. அங்கே ஏதேனும் உயிர் இருந்தால் அதற்குப் படியளப்பவர் சனீஸ்வரன்.

கரையேறிச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்த அத்தையிடம் இதைச் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“அப்படியென்றால் அங்கே இருப்பவர்களுக்குச் சனிப்பெயர்ச்சி எப்போது, தம்பி?” என்று கேட்டார்.

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பெயர்ச்சியே கிடையாது. நம் நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல என்செலடஸும் சனிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அங்கிருந்து பார்த்தால் சனி வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். நமக்கோ அவர் சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை ஆண்டு, ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. “அவர்கள் ஜாதகத்தில் நாமும் ஒரு கிரகமாக இருப்போம், அத்தை” என்றேன். “நல்ல கிரகமாக இருந்தால் சரி” என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. நீரை விட்டு வரும்போது காலில் ஒரு பழைய வேட்டி சுற்றிக்கொண்டது. பரிகாரம் முடித்த கையோடு உடுத்தியதைக் கடலிலேயே விட்டுப் போகிறார்கள். தோஷம் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. காசினியின் முடிவு வேறு மாதிரி. எரிபொருள் தீரும் நிலையில் அதை அப்படியே அலையவிட்டால், என்றாவது ஒருநாள் என்செலடஸ் மீதோ சனியின் இன்னொரு நிலவான டைட்டன் மீதோ விழுந்து, பூமியின் நுண்ணுயிர்களை அங்கே கொண்டுசேர்க்கலாம் என்று பயந்தார்கள். அதனால் 2017 செப்டம்பர் 15 அன்று விண்கலத்தைச் சனிக்கோளுக்குள்ளேயே செலுத்தி எரித்துவிட்டார்கள். இருக்கிறதா என்றே தெரியாத உயிருக்காக! வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் வழியில் வைத்துத்தான் என்னால் இதைப் பார்க்க முடிகிறது. கண்ணெதிரே மீன் வாழும் கடலில் வேட்டியை வீசுகிற நாம் எந்தத் தோஷத்தைக் கழிக்கிறோம்?

மதியத்துக்கு மேல் உத்தரகோசமங்கை. ‘மண் முந்தியோ, மங்கை முந்தியோ’ என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பூமி தோன்றுமுன்பே இருந்த தலமாம். அம்பாளுக்கு ஈசன் வேத ரகசியத்தை உபதேசித்த இடம். பொதுவாகச் சிவனுக்கு ஆகாத தாழம்பூ இங்கே மங்களநாதருக்குச் சாத்தப்படுகிறது. மாணிக்கவாசகர் நெஞ்சுருகப் பாடிய ஊர் என்பதால், பிராகாரத்தில் உட்கார்ந்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. தில்லையில் பாடிய, திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அவர் அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேல் என்கிறார். அத்தனையும் இறைவன் முன்னால், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசு. அந்தக் காலத்திலேயே தொலைநோக்கி வைத்திருந்தோம் என்று இதைக் காட்டி மார்தட்டுகிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. அவர் வானத்தை அளக்கப் போகவில்லை. ஈசனின் பெருமைக்கு அளவு தேடினார். புல், பூடு, புழு, மரம் என்று தொடங்கி, கல், பேய், கணம், தேவர் வரை தாம் எடுத்த பிறவிகளை வரிசைப்படுத்தியவரும் அவரே. இந்த மண்ணில் மட்டும்தான் பிறந்தேன் என்று எங்கும் சொல்லவில்லை. நாளைக்கே பனிக்கடலுக்கு அடியில் ஒரு புழு அகப்பட்டாலும் அந்த வரிசையில் அதற்கு இடம் இருக்கிறது.

மரகத நடராஜர் சந்தனக் காப்புக்குள் இருந்தார். ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். வருகிற மார்கழிக்கு வந்தே தீர வேண்டும் என்று அத்தை பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்குத்தான் மலைப்பாக இருக்கிறது.