டேப்பட்டேதான்

எங்கள் காருக்கு வயது 18. என் மகளுக்கு 12. ஆகவே வீட்டில் மூத்த பிள்ளை யார் என்பதில் அப்பாவுக்குக் குழப்பமே கிடையாது. பேத்திக்குச் சளி பிடித்தால் "ரெண்டு நாள்ல தானா போயிடும்" என்பவர், கார் லேசாகச் செருமினால்கூட ராத்திரி தூங்க மாட்டார்.

அப்படித் தூங்காமல் விடிந்த ஒரு காலையில்தான், "டேய், இங்க வா. காதைக் கொடு" என்று என்னை பானட் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

கொடுத்தேன். டிக் டிக் டிக் டிக். பல்லி ஒன்று இன்ஜினுக்குள் குடித்தனம் வந்து, மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருப்பது போல ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் பல்லிக்கும் அவசரம் வந்துவிடுகிறது. விட்டால் அதுவும் நிதானமாகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"டேப்பட்."

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் ஓட்டிப் பழகிய காலத்து வண்டிகளுக்கு டேப்பட் என்பது மாதச் சம்பளம் போல, தவறாமல் நினைவில் இருக்கும் விஷயம். இன்ஜினுக்குள் கதவு போலத் திறந்து மூடும் வால்வுக்கும், அதை அழுத்தும் ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போல இடைவெளி விட வேண்டும். சூட்டில் வால்வு நீளும், அதற்குத்தான் அந்த இடம். தேய்ந்து தேய்ந்து இடைவெளி கூடினால் டிக் டிக் என்று தட்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்வார்கள். அப்பாவே அதைக் கையால் செய்தவர். அதனால் வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவருக்கு அது டேப்பட்தான். ஒருமுறை டிக்கியில் உருண்ட தண்ணீர் பாட்டிலைக்கூட டேப்பட் என்றார்.

நான் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தேன். எங்கள் இன்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் வகை. ஆயில் அழுத்தத்திலேயே தன் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும், திருக ஸ்க்ரூவே கிடையாது. "அப்பா, இதுல அட்ஜஸ்ட் பண்ணவே ஒண்ணும் இல்ல" என்றேன்.

"பேர் என்ன போட்டிருக்கு?"

"ஹைட்ராலிக் டேப்பட்."

"அப்புறம்?"

சரி, ஆயில் குறைந்திருந்தால் இந்த வகையும் தட்டும் என்பது உண்மைதான். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். அளவு கீழ்க்கோட்டில் நின்றது. நான் பதறியதைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு. இன்ஜினை அணைத்த கையோடு உருவினால் ஆயில் இன்னும் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்குமாம். பத்து நிமிடம் பொறுத்து, சமதரையில், துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் அழகாக நின்றது. ஆயில் நிரபராதி.

இதற்குள் செய்தி பரவி மச்சான் வந்துவிட்டான். பானட்டைத் திறக்காமலே தலையை ஆட்டினான். "ராடு பேரிங் மாமா. இன்ஜினை இறக்கணும்." அவன் யார் வண்டியைப் பார்த்தாலும் இன்ஜினை இறக்கித்தான் பேசுவான். பிஸ்டனைத் தாங்கும் ராடு தட்டினால் சத்தம் டொக் டொக் என்று அடிவயிற்றிலிருந்து வரும், வண்டி சூடாகி ஆயில் இளகினால் இன்னும் கூடும். இது மேலாக, மெல்லிசாக, தகரத்தில் நகம் தட்டுவது போல இருந்தது. ஆனாலும் 'இன்ஜினை இறக்கணும்' என்ற வாக்கியம் காதில் விழுந்தபின் அன்று யாருக்கும் மனது சரியில்லை.

ஜன்னலிலிருந்து அம்மா சொன்னார். "ஏதோ நட்டு லூசு. என் தையல் மெஷின்ல லூசானா இப்படித்தான் கத்தும். ரெண்டு மாசமா காலையில வண்டி கிளம்புறப்ப உள்ள புகை நாத்தம் அடிக்குதுன்னும் சொல்றேன், யார் கேக்குறீங்க?"

"சரிம்மா" என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு இன்ஜினுக்குத் திரும்பினோம்.

அடுத்து ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதின் பின்புற எலும்பில் அழுத்தி, முனையை இன்ஜினில் வைத்தால் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி கேட்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல், குனிந்து, ஒரு கண்ணை மூடி, முனையை ஓர் இடத்தில் வைத்தேன். அடேங்கப்பா! சிக் சிக் சிக் என்று மண்டைக்குள்ளேயே அடித்தது. "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். பக்கத்தில் நான்கு அங்குலம் தள்ளி வைத்தேன். அங்கேயும் சிக் சிக். இன்னும் தள்ளி, அங்கேயும். நான்கு இடத்தில் நான்கு நோய். அப்புறம்தான் தெரிந்தது, நான் கண்டுபிடித்தவை நான்கு இன்ஜெக்டர்கள். பெட்ரோலைத் தெளிக்கத் திறந்து மூடும்போது அவை அப்படித்தான் சத்தம் போடும், போட வேண்டும். சத்தம் போடாவிட்டால்தான் கவலை.

அப்பா ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் காதில் வைத்துக் கண்களை மூடினார். வெகுநேரம் கேட்டார். கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவர் போலத் தலை லேசாக ஆடியது. கண்ணைத் திறந்தார்.

"டேப்பட்டேதான்."

எங்கள் மூவரையும்விட உருப்படியான வேலை செய்தது மகள்தான். தாத்தாவைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காலையில் வண்டி கிளம்பியதும் போனில் பத்து விநாடி பதிவு செய்தாள். அதை மெதுவாக ஓடவிட்டு, திரையில் எழும் கூர்களை விரல் வைத்து எண்ணினாள். 98. அப்போது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 1200க்கு ஒரு நூல் கீழே. 98ஐ ஆறால் பெருக்கினால் நிமிடத்துக்கு 588, முள் காட்டியதில் சரிபாதி. பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். ஆக, இது கேம் வேகத்தில் வரும் சத்தம்.

"கேம் தட்டுறது எதை?" என்றார் அப்பா, நிதானமாக. நாங்கள் பதில் சொல்லவில்லை. கணக்கும் அவர் பக்கம் போய்விட்டது.

மெக்கானிக்கிடம் போனோம். பட்டறை வாசலில் வண்டி நின்றபோது இன்ஜின் பூனை போல நின்றது. டிக்கும் இல்லை, டொக்கும் இல்லை. "எங்கங்க சத்தம்?" என்றார் மெக்கானிக். மறுநாளும் போனோம், மறுநாளும் பூனை. வீட்டில் ஊரைக் கூட்டும் பிள்ளை, டாக்டரைக் கண்டதும் சமர்த்தாக நாக்கை நீட்டுமே, அதே நடிப்பு. அப்பா விடவில்லை. தன் போனில் எடுத்த பதிவைப் போட்டுக் காட்டினார். அதில், "கேட்டியா... கேளு... இதோ... டேப்பட்... கேளு..." என்று முழுக்க அப்பாவே இருந்தார்.

"ஐயா குரல் தெளிவா இருக்கு" என்றார் மெக்கானிக். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கிளம்பி எத்தனை நிமிஷத்துல சத்தம் நிக்குது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை நாளில் சத்தம் வருவதைத்தான் கவனித்தோம், அது போவதை யாரும் கவனிக்கவில்லை. அஞ்சாறு நிமிஷம் இருக்கும் என்றேன் உத்தேசமாக. "வண்டியை விட்டுட்டுப் போங்க. நாளைக்குக் காலையில சாவியை நான் போடுறேன்" என்றார். அப்பா கிளம்பும்முன் காரின் முதுகில் ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றும் அவர் தூங்கவில்லை.

மறுநாள் குடும்பமே பட்டறை திறக்கும்முன் வாசலில் நின்றது. மெக்கானிக் வந்தார், சாவியைத் திருகினார். டிக் டிக் டிக். அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பட்டறைப் பையன் ஒரு தடித்த துணியைச் சைலன்சர் வாயில் ஒரு நொடி அழுத்தினான். டிக் டிக் இன்னும் உரக்கக் கேட்டது. மெக்கானிக் இன்ஜெக்டர் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் குலுங்கியது, பல்லி மட்டும் நிற்கவில்லை. நான்காவதைக் கழற்றியதும் சட்டென்று அடங்கியது. டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே நீட்டி என்னைப் பார்க்கச் சொன்னார். புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய் இன்ஜினோடு சேரும் விளிம்பில், மை தீட்டிய விரலால் இழுத்தது போல ஒரு கரிக்கோடு. அதன் பக்கத்தில், குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்டட் என்ற திருகுகம்பியின் வெளிமுனை இல்லை.

"கடைசி ஸ்டட் உடைஞ்சிருக்கு. அந்த இடுக்குல புகை பீய்ச்சுது. இரும்பு சூடானா விரியும், இடுக்கு அடைஞ்சுக்கும், சத்தம் நின்னுடும். அதான் இங்க வர்றதுக்குள்ள நல்ல பிள்ளையாயிடுது."

அதாவது பட்டறை வாசலில் அது அமைதியாக நின்றதே, அதுதான் துப்பு. நாங்கள் அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்ப அந்த 98?" அப்பா குரல் கம்மியிருந்தது.

"எக்ஸாஸ்ட் வால்வும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதானே திறக்கும், ஐயா? புகையும் அதே கணக்குலதான் வெளிய வரும். வால்வுத் தட்டல்னா இன்ஜெக்டரைக் கழட்டினாலும் நிக்காது."

அம்மா பின்னாலிருந்து, "புகை நாத்தம்" என்றார். இரண்டே வார்த்தை.

மெக்கானிக் திரும்பினார். "உள்ள வாடை வந்துச்சாம்மா? அப்பவே வந்திருக்கணும். முன்கண்ணாடிக்குக் கீழ இருக்குற காத்துத் துவாரம் வழியா புகையை உள்ள இழுக்கும். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளையே சாய்ச்சிடும். உங்களுக்கு நாத்தம் தெரிஞ்சது நல்லதாப் போச்சு." அம்மா எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

உடைந்த துண்டுக்குத் துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, அதன் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, அந்த நட்டோடு சேர்த்துத் திருகி எடுத்தார். புது ஸ்டட், புது கேஸ்கெட், நடுவிலிருந்து இருபுறமும் சீராக முறுக்கினார். முடிந்தது. இன்ஜின் இறங்கவில்லை. மச்சானுக்கு அதில் லேசான வருத்தம்.

மறுநாள் காலை வீட்டில் சாவியைத் திருகினேன். டிக் இல்லை. காபி போலச் சூடேறிக்கொண்டு மெல்ல உறுமியது. அப்பா பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"டேய், இங்க வா. காதைக் கொடு."

கொடுத்தேன். அத்தனை நாள் பல்லிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த சிக் சிக் இப்போது வெளியே கேட்டது. "இன்ஜெக்டர்ப்பா. இருக்க வேண்டிய சத்தம்தான்" என்றேன்.

இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காதில் வைத்தார். கண்களை மூடினார். தலை ஆடியது.

"ம், இன்ஜெக்டர்தான்" என்றார் பெருந்தன்மையாக. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "பின்னாடி லேசா டேப்பட்டும் கேக்குது" என்றார்.