நாய்ச் செயினைப் பிள்ளை கையில் கொடுக்கும் முன்

நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது பிள்ளையைக் குனிந்து புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணச் சொல்லுங்கள். ஐந்திலேயே கையை எடுத்துவிட்டால் நாய்க்கும் பாதம் பொசுங்கும், வெயில் தாழட்டும். நாய்க்குச் செருப்பு இல்லை என்பது பிள்ளைக்கு அந்த நொடியில் உறைக்கும்.

இரும்புச் செயினைவிட 5 அடி நைலான் பட்டை நல்லது. கழுத்துப் பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டையை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்வதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு. பூனை குறுக்கே ஓடினால் நாய் ஒரே பாய்ச்சலாகப் பாயும், விரல் முறிந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாயைப் பத்து வயதுப் பிள்ளையால் நிறுத்தவே முடியாது. இரண்டு பட்டை மாட்டுங்கள்: ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பெரியவருக்கு.

நாய் இழுத்தால் பிள்ளையும் பதிலுக்கு இழுக்கும். அது வேண்டாம், அப்படியே நிற்கட்டும். பட்டை தொய்ந்த பிறகு நடக்கலாம். முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கம்பத்தடியில் மோப்பம் பிடித்தால் அவசரப்படுத்தாதீர்கள். அங்கே யார் யார் வந்து போனார்கள் என்ற கணக்கெல்லாம் அதன் மூக்குக்குத்தான் தெரியும்.

வால் ஆடினாலே சிநேகம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். எதிரே வரும் நாயின் வால் விறைத்து, நுனி மட்டும் துடித்து, வாய் மூடி, உடம்பு இறுகியிருந்தால் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி மெதுவாகப் போக வேண்டும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. சண்டை மூண்டால் பட்டையை விட்டுவிட வேண்டும். நடுவில் கையை நுழைக்கவே கூடாது. பல்லோ நகமோ பட்டுக் கீறினாலும் மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பதுதான் உயிருக்கு ஆபத்து. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய்க்கு வருடாவருடம் வெறிநாய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

கக்காவை அள்ளுவதையும் பிள்ளையே செய்யட்டும். பையைக் கையுறை போல மாட்டி, அள்ளி, உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டால் கையில் ஒட்டாது. அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் நாடாப்புழு. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் நாய்க்குத் தண்ணீர். பிறகு அதன் காது மடல், கால்விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மிளகு போலத் தட்டுப்பட்டால் உண்ணி. அதைப் பிள்ளை பிடுங்க வேண்டாம், உங்களைக் கூப்பிடட்டும்.