பிளாஞ்சா இன்னும் வரவில்லை

செப்டம்பர் 4, 2023, திங்கள்

ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் டீச்சர், இன்னொன்றில் நான். தினமும் ஐந்து மணி நேரம். கடைசி பெஞ்சு என்று ஒன்று இல்லாத பள்ளிக்கூடம்.

மேசைக்கு ஸ்பானிஷிலும் ‘மேசா’. அலமாரிக்கு ‘அர்மாரியோ’. போர்ச்சுக்கீசியர் நம்ம கடற்கரையில் இறக்கிவிட்டுப் போன சாமானெல்லாம் இங்கே கைகொடுக்கிறது என்று குஷியாகி ஜன்னலைக் காட்டினேன். ‘வெந்தானா’ என்றார். குஷி அதோடு சரி.

‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ‘பெறோ’ என்றால் நாய். நாகர்கோவில்காரிக்கு ர-வும் ற-வும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து மேசை ஜெர்மன்காரர் ஒரு வாரமாக ‘என் வீட்டில் ஒரு ஆனால் வளர்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் வந்திருக்கிற குவாத்தமாலா ஊரான ஷேலா 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட மேலே. வரைபடத்தில் பெயர் கெட்சால்தெனாங்கோ. அப்படி ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு போர்வை போதவில்லை.

செப்டம்பர் 5

ராத்திரிச் சாப்பாட்டில் சௌசௌ! இங்கே ‘குவிஸ்கில்’. அதற்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம்தானாம். நாற்பது வருஷமாக அம்மா கூட்டு வைத்தது விருந்தாளியை.

செப்டம்பர் 7

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எந்த நாடு என்று கேட்டார். ‘சோய் இந்தியா’ என்றேன். நான் இந்தியப் பெண். ஆண்பால் பெண்பால் தப்பாமல் சொன்ன முதல் வாக்கியம் என்று டீச்சரிடம் பெருமையடித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இங்கே அது வசவு. மாயா மக்களில் ஆணை ‘இந்தியோ’ என்றும் பெண்ணை ‘இந்தியா’ என்றும் ஏசுவார்கள். நம்ம நாட்டைத் தேடிக் கிளம்பிய ஒருவன் வழிதவறி வந்து வைத்த பெயர். ஐந்நூறு வருஷமாக அதையே கல்லாக எடுத்து எறிந்துகொண்டிருக்கிறார்கள். ‘சோய் தே லா இந்தியா’, இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் ‘இந்தூ’. மதம் எதுவானாலும் இந்தியர் எல்லாரும் இங்கே இந்தூதான். அம்மா கேட்டால் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள்.

அந்த பஸ் அம்மாள் நெய்த பாவாடையும் பூவேலை மேல்சட்டையும் போட்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்து, மடியிலிருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். என்ன நினைத்திருப்பார்?

செப்டம்பர் 9, சனி

பள்ளி மூலமாகப் புகைபோக்கி அடுப்பு கட்டித்தரப் போகிறோமே, இன்று அந்த வீடு.

பஸ்ஸில் அரைமணி நேரம், அப்புறம் மக்காச்சோளத்துக்கு நடுவே ஏற்றம். சோளம் என்னைவிட உயரம். தகரக் கூரை, மண் தரை, ஒரே அறை. மூலையில் மூன்று கல். மூன்றே கல்! ஆச்சி வீட்டுப் பின்புறத்தில் நெல் அவிக்கிற அதே அடுப்பு. ஆனால் அது முற்றத்தில் இருந்தது. இது குழந்தைகள் தூங்குகிற அறைக்குள் இருக்கிறது.

கூரையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டவில்லை, பிசின் மாதிரி பிசுபிசுத்தது. ஓகோத்தே என்கிற பைன் சிராயில்தான் தீ மூட்டுகிறார்கள். எண்ணெய் ஊறினமாதிரி குப்பென்று பற்றுகிறது, புகையும் அந்த அளவுக்கு. நான் இரண்டு நிமிஷம் தாங்கினேன். அந்த வீட்டு அம்மாள், சென்யோரா, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தைக் கிளறிக்கொண்டே என்னிடம் பேசினார். கண்ணை இடுக்கவே இல்லை.

அவருடைய ஸ்பானிஷ் எனக்குப் புரிந்தது! டீச்சர் பேசுவதைவிட நன்றாக. வெளியே வந்தபிறகுதான் காரணம் உறைத்தது. அவருக்கும் அது இரவல் மொழி. வீட்டில் கிச்சே, மாயா மொழிகளில் ஒன்று. இருவருமே சொல்லைத் தேடி எடுத்து, துடைத்து, ஒவ்வொன்றாக வைக்கிறோம். நடுவில் சொல் தட்டுப்பட்டால் அவர் பிள்ளைகளைப் பார்க்கிறார், நான் நோட்டைப் பார்க்கிறேன்.

கிச்சேயில் நன்றிக்கு ‘மல்தியோஷ்’. சின்னவள் சொல்லித்தந்தாள். நான் திருப்பிச் சொன்னதும் பாவாடையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

அடுப்புக்கு வேண்டியது: அடிக்கு சிமென்ட் கல், தீ எரியும் பெட்டிக்குச் செங்கல், மேலே பிளாஞ்சா என்கிற இரும்புத் தகடு, கூரைக்கு வெளியே போகிற தகரக் குழாய். கல் வந்துவிட்டது. பிளாஞ்சா வியாழக்கிழமை.

செப்டம்பர் 11

அம்மாவுக்கு இருமல் குறையவில்லையாம். அண்ணன் சொல்லவில்லை, மதினிதான் சொன்னாள்.

செப்டம்பர் 14, வியாழன்

நாளை சுதந்திர தினம். பள்ளிப் பிள்ளைகள் தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறார்கள். கூடவே விசில், லாரி நிறைய பெற்றோர்கள், பாக்கெட் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சுவது. மழை வேறு. நனைந்தும் பந்தம் அணையவில்லை.

பிளாஞ்சா வரவில்லை.

செப்டம்பர் 18

பள்ளியில் இந்த அடுப்பு வேலையைக் கவனிக்கிற பையனிடம் போனேன். நல்லவன். ‘ஃபிஹேசே கே…’ என்று ஆரம்பித்தான். ‘பாருங்களேன்’ என்பது மாதிரியான பேச்சு என்று நினைத்து, பார்த்தேன். லாரி பழுது, கொல்லர் ஊரில் இல்லை, லீவு. அடுத்த வாரம், ப்ரிமேரோ தியோஸ். ஆண்டவர் அருளினால்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். குவாத்தமாலாவில் யாராவது ‘ஃபிஹேசே கே’ என்று தொடங்கினால் மிச்சத்தைக் கேட்கவே வேண்டாமாம், ‘இல்லை’ என்று அர்த்தமாம். ‘ஃபிஹேசே கே சாவி தொலைந்துவிட்டது’, ‘ஃபிஹேசே கே இன்று கோழி தீர்ந்துவிட்டது’. கெட்ட சேதியை நேராகத் தலையில் போடாமல் முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவது.

நமக்கு இதற்கு என்ன இருக்கிறது என்று பஸ் முழுக்க யோசித்தேன். அகப்படவில்லை.

செப்டம்பர் 20

அகப்பட்டது. இரவு ஒன்பதுக்கு அண்ணன் கூப்பிட்டான், அங்கே காலை எட்டரை. “ஒண்ணுமில்லட்டி, சும்மாதான் கூப்பிட்டேன்.”

ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா ஃபோனை வாங்கி, “மக்களே, அங்க சோறு கிடைக்குமா?” என்றாள். ‘அந்தப் பேச்சை’ இன்றும் எடுக்கவில்லை. நன்றி, அம்மா. வேலையை விட்டது பற்றியும் கேட்கவில்லை.

செப்டம்பர் 23, சனி

அடிப்பீடம் கட்டி முடித்தோம். மண்ணையும் மணலையும் குழைத்ததில் கை வெந்துவிட்டது. சென்யோரா என்னைவிட இரண்டு மடங்கு வேகம். உண்மையைச் சொன்னால் நான் இல்லாமல் இந்த வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

மத்தியானம் என்னையும் தொர்த்தீயா, அதாவது சோள ரொட்டி, தட்டச் சொன்னார்கள். அவர்கள் கையில் அது கைதட்டல் மாதிரி தாளம் தப்பாமல் கேட்கிறது. என்னுடையது அடை. சின்னவள் அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

கணவர் ‘எல் நோர்தே’யில். வடக்கு என்றால் அமெரிக்கா. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வடக்கு. நம்மூரில் ‘கல்ஃப்’ என்கிற மாதிரி, எந்த ஊர் என்றெல்லாம் கேட்பதில்லை. மூன்று வருஷமாம். போகக் கடன் வாங்கிக் கொடுத்த பணமே இன்னும் தீரவில்லை.

இரவு தூக்கம் வராமல் படித்தேன். பக்கத்து சான் மார்கோஸ் மலைகளில் 534 வீடுகளில், பாதிப் பேருக்கு இதே புகைபோக்கி அடுப்பைக் கட்டிக்கொடுத்து, குழந்தைகளுக்கு நிமோனியா குறைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான முடிவு: குழந்தைகள் சுவாசிக்கிற புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா குறைந்தது. ஆனால் மருத்துவர்கள் கண்ட மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படி குறைவில்லை. புகை இன்னும் குறைய வேண்டும் என்கிறார்கள். இன்னும் எவ்வளவு? அம்மா 1990 வரை விறகடுப்பில்தான் சமைத்தாள். குழலை எடுத்து ஊதுவாள், ஊதிவிட்டு இருமுவாள். அது அடுப்படிச் சத்தங்களில் ஒன்று, அவ்வளவுதான் எங்களுக்கு.

படித்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 25

வரவில்லை. கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 27

இறந்தகாலம் தொடங்கியாயிற்று. இவ்வளவு நாள் நிகழ்காலத்திலேயே வாழ்ந்தேன். சென்யோரா ‘உங்கள் அப்பா?’ என்று கேட்டபோதுகூட ‘அப்பா இருக்கிறார், இல்லை’ என்று சொல்லி அவரைக் குழப்பியிருக்கிறேன்.

இவர்களுக்கு இறந்தகாலம் இரண்டு. நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. அப்பா ஒருநாள் ரேடியோ வாங்கினார் என்றால் முதலாவது. தினமும் காலையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார் என்றால் இரண்டாவது. உங்கள் மொழியில் எப்படி என்றார் டீச்சர். ‘அப்பா காலையில் ரேடியோ கேட்பார்’ என்று சொல்லிவிட்டு, அதை உடைத்து விளக்கப் போனேன். அப்போதுதான் பார்க்கிறேன், கேட்பார். நாளைக்குக் கேட்பார் என்பதற்கும் அதுதானே! போனவரின் பழக்கத்தை நாம் எதிர்காலத்தில் சொல்கிறோம்.

டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு வகுப்பு அத்தோடு ஓடவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

பஸ் இல்லை. தொத்தோனிகபான் ஊர்களின் கூட்டமைப்பு, ‘48 கந்தோனேஸ்’ என்பவர்கள், சாலைகளை மறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 20 ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்த அரேவாலோவைப் பதவிக்கு வரவிடாமல் செய்யப் பார்க்கிறாராம் அரசுத் தலைமை வழக்கறிஞர், அவர் விலகவேண்டும் என்பது மறிக்கிறவர்கள் கோரிக்கை. நான் தங்கியிருக்கிற வீட்டின் வீட்டம்மா காலையிலேயே முட்டையும் மெழுகுவர்த்தியும் வாங்கிவைத்துவிட்டார். அனுபவம்.

அக்டோபர் 4

சென்யோராவின் ஊரும் இறங்கிவிட்டது. முறைவைத்துப் போகிறார்கள். இன்று அவர் முறை. ஃபோனில் குரல் துள்ளியது. தொர்த்தீயா சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் நடந்திருக்கிறார். நாற்பது நாள் ஊர்முன்னேற்ற வேலை பார்க்க வந்தவள் அறைக்குள் உட்கார்ந்து வினைச்சொல் மனப்பாடம் செய்கிறேன்.

அக்டோபர் 6

சமையல் காஸ் தீர்ந்துவிட்டது. ஷேலாவில் எங்கேயும் சிலிண்டர் இல்லை. வீட்டம்மா பின்கட்டில் பழைய செங்கலை அடுக்கி விறகில் சமைக்கிறார். நான் விசிறிவிடுகிறேன். தலைமுடி, துணி, தலையணை எல்லாம் புகை. இருமல் எனக்கும்.

பிளாஞ்சா வந்துவிட்டதாம். குவாத்ரோ காமினோஸ் சந்திப்புக்கு அந்தப் பக்கம், மறியலில் நிற்கிற லாரியில்.

அக்டோபர் 8, ஞாயிறு

விடிகாலை 3:40-க்கு இரண்டு மிஸ்டு கால். பிறகு ஒரு மெசேஜ்: ‘ஒண்ணுமில்ல. முழிச்சதும் கூப்பிடு.’

அதே நாள், இரவு

அம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள். ஆக்ஸிஜன். “நீ பதறாத, ஆனா டிக்கெட் பாத்து வை” என்றான். பதறாத என்பதையும் டிக்கெட் என்பதையும் ஒரே மூச்சில் எப்படிச் சொன்னானோ.

அக்டோபர் 9

டிக்கெட் கிடைத்தது, 11-ம் தேதி. தலைநகருக்கு இங்கிருந்து 200 கிலோமீட்டர். நாடு முழுக்க நூற்றுக்கும் மேல் மறியல். ஒவ்வொரு மறியலையும் நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஏதாவது வண்டி பிடிக்கவேண்டும். நடக்கிறவர்களை விடுகிறார்களாம்.

யார் மேலும் கோபம் வரவில்லை. வரவேண்டுமோ? அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எனக்கு விமானம் இருக்கிறது.

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார், காசு வாங்கவில்லை. மறியலில் நிற்கிறவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தோம். மரியாதைக்கு ‘உஸ்தெத்’தான், நம்ம ‘நீங்கள்’. நான் எழுதியதில் நான்கு தப்பு. திருத்திவிட்டு, முன்னால் இரண்டு சொல் சேர்த்தார். ‘இல்லாவிட்டால் திடீரென்று முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.’

ஃபிஹேசே கே மி மாமா எஸ்தா என்ஃபெர்மா. பாருங்களேன், என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ‘எஸ்தா’, மாறக்கூடிய நிலைக்கு வருகிற வினை. அதை மட்டும் டீச்சர் திருத்தவில்லை, நானே சரியாகப் போட்டிருந்தேன்.

சென்யோராவுக்கு ஃபோன் போகவில்லை.

அக்டோபர் 10

4:10. வண்டிக்காரர் இன்னும் வரவில்லை. வீட்டம்மா நாலு தொர்த்தீயாவைத் துணியில் சுற்றித் தந்திருக்கிறார், இன்னும் சுடுகிறது. ஃபோனில் 61 சதவீதம். அண்ணன் ஆன்லைனில்