கரண்ட் பில்லை மாணவர்கள் கையில் கொடுங்கள்

சுற்றுச்சூழல் தினத்தன்று கல்லூரிகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓவியப் போட்டி, உறுதிமொழி, ஒரு மரக்கன்று, அதைச் சுற்றி நின்று ஒரு புகைப்படம். மரம் வேண்டும்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேதியியல் ஆசிரியையாகவும் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாளராகவும் இத்தனை ஆண்டுகள் இருந்தபிறகு, நிர்வாகங்களிடம் நான் கேட்பது வேறு ஒன்று. கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல் கணக்கு, ஏசி பழுதுபார்த்த ரசீது, இந்த மூன்றையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

"பிள்ளைகளுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்றுதான் கணக்குப் பிரிவில் முதலில் கேட்பார்கள். பாடமே அதில்தான் இருக்கிறது என்பது என் பதில்.

கரண்டிலிருந்து தொடங்குவது சுலபம். மாலையில் எல்லோரும் கிளம்பியபிறகு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் மறுபடியும் குறிக்க வேண்டும். பெரிய இணைப்புகளில் அந்த வித்தியாசத்தை ஒரு பெருக்கல் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். அது எவ்வளவு என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இரவுக் கணக்கை முதன்முதலில் பார்க்கிற மாணவர்கள், யாருமே இல்லாத நேரத்தில் இவ்வளவா என்று திகைத்துப்போகிறார்கள். அப்புறம் அவர்களே தேடக் கிளம்புகிறார்கள். குடிநீர்க் குளிர்விப்பான், அணைக்காத கணினிகள், வராந்தா விளக்குகள், சர்வர் அறை. உயிரியல் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருந்தால், அது ஒன்றே ஒரு வீட்டுக்கு ஆகும் அளவு மின்சாரத்தை இழுக்கும். உள்ளே இருக்கும் மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும் என்றால் அந்த மாற்றத்திலேயே சுமார் 30 சதவீதம் வரை மிச்சமாகும். முடிவெடுக்க வேண்டியவர் ஆய்வகப் பொறுப்பாளர். ஆனால் அவரிடம் போய்க் கேள்வி கேட்பவர் மாணவராக இருக்கட்டும்.

ஃபேன் கணக்கும் அப்படித்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் அளவில் எடுக்கும், பிஎல்டிசி எனும் மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்தது 30 வாட்டுக்குப் பக்கத்தில். ஆறு ஃபேன் உள்ள வகுப்பறையில் 8 மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட், மாற்றினால் 1.44. எட்டாம் வகுப்புக் குழந்தைகூடப் போட்டுவிடும் கணக்கு இது.

எனக்கு மிகவும் பிடித்தது டீசல். ஒரு லிட்டர் டீசல் சுமார் 840 கிராம்தான் இருக்கும். அதை எரித்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 2.6 கிலோவுக்கு மேல். இதைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். "இல்லாத எடை எங்கேயிருந்து வந்துச்சு மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். டீசலின் எடையில் ஏறத்தாழ 86 சதவீதம் கார்பன், அதாவது 720 கிராம் போல. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் அணு எடை 12, ஆக்சிஜனுடையது 16; ஆக 12 ஆக இருந்த எடை 44 ஆகிறது. 720-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,640 கிராம். கூடுதல் எடை முழுவதும் நாம் மூச்சுவிடும் காற்றிலிருந்து வந்தது. மோல் கணக்கைப் பரீட்சைக்காக மட்டும் படித்த பிள்ளைகள், அதே சூத்திரத்தை வைத்துத் தங்கள் ஜெனரேட்டரின் ஒரு மாதப் புகையை எடைபோடுவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த வேலையின் மேல் மறுபடி ஆசை வருகிறது.

ஏசி ரசீதை யாருமே காலநிலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "கேஸ் நிரப்பப்பட்டது" என்று அதில் இருந்தால், பழைய கேஸ் எங்கே போனது? கசிந்து காற்றில்தான் கலந்திருக்கும். பரவலாகப் பயன்படும் ஏசி கேஸான ஆர்-410ஏ, 100 ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ கசிவது 750 லிட்டர் டீசலை எரிப்பதற்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-ல், ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரீல் உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தைப் பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படிப்பதற்கும், நம் ஏசியில் என்ன கேஸ் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து படிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இதெல்லாம் வேதியியலோடு நிற்க வேண்டியதும் இல்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு) அளவில் இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தரவு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. புள்ளியியல் வகுப்பில் சாய்வு கண்டுபிடிக்க இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியவில்லை. சராசரியாக ஆண்டுக்கு ஒரு பிபிஎம்கூட ஏறாத 1960-களையும், இரண்டுக்கு மேல் ஏறும் இன்றைய ஆண்டுகளையும் மாணவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2022-ல் பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் போராடினார்கள். அதன்பிறகுதான், எந்தத் துறையில் படித்தாலும் காலநிலை நெருக்கடி பற்றிய பாடம் கட்டாயம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. மாணவர்கள் போராடித்தான் இதைப் பெற வேண்டும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2019-ல் காலநிலைக்காக வகுப்பைவிட்டு வெளியே வந்து தெருவில் நின்ற பிள்ளைகள் மரக்கன்று கேட்கவில்லை. முடிவெடுக்கிறவர்கள் முடிவெடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஒரு கல்லூரியில் அந்த முடிவுகள் கொள்முதல் குழுவில் நடக்கின்றன. எந்த ஃபேன், எந்த ஏசி, எத்தனை பேருந்து, கூரையில் சூரியத் தகடு வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். அந்தக் குழுவில் மாணவர் ஒருவருக்கு இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை, மறுபடி எழுதுவேன்.

இப்போது எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் போக்குவரத்துக் கணக்கில் இறங்கியிருக்கிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள், பேருந்து நேரம் மாறினால் வண்டியை விட்டுவிடுவீர்களா என்று மூன்று கேள்விகள் போட்டுப் படிவம் தயாரித்தார்கள். ஆசிரியர்களுக்கும் அதே படிவம்தான் என்று முடிவு செய்ததும் அவர்களேதான். முதல் தாளை என்னிடம் நீட்டினார்கள், நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.